லதிகா டீச்சர் கேட்ட கேள்வி

திருவனந்தபுரத்துக்குப் பக்கத்து நெடுமங்காட்டில் டைரக்டர் ஹரீந்திரனின் பழைய படங்களைப் பார்க்காதவர்கள் கிடையாது. பிற்பாடு அவர் மும்பைக்குப் போய்ப் பெரிய பெரிய நடிகர்களை வைத்து எத்தனையோ எடுத்தார். அதெல்லாம் வந்த வேகத்தில் போயிற்று. ஆரம்பத்தில் எடுத்த நாலு சிரிப்புப் படங்கள்தான் நின்றன. ஓணத்தன்று டிவியில் போட்டால், அடுத்து யார் விழுவான், யார் அடி வாங்குவான் என்று வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரியும். தெரிந்தும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

அதிலும் இரண்டாவது படத்தில் ஒரு ஜீப் காட்சி. வேலைவெட்டி இல்லாத நாலு பேர், முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டதென்று மாப்பிள்ளையைக் கல்யாண மண்டபத்தில் சேர்க்கப் பறக்கிறார்கள். ஆட்டோவை இடிக்கிறார்கள், மீன்கூடையைக் கவிழ்க்கிறார்கள். பாதி வழியில் ஒருத்தன் திரும்பிப் பார்க்கிறான். ஜீப்பில் மாப்பிள்ளை இல்லை. ஏற்ற மறந்துவிட்டார்கள். ஜீப் நிற்கிறது. அப்போது நாலு பேரில் பாவமாயிருப்பவன் மெல்லக் கேட்கிறான்: "அப்போ இப்ப நாம எங்க போறோம்?"

முப்பத்தைந்து வருஷமாக அந்த ஒரு வரி ஊரை விட்டுப் போகவில்லை. ஆட்டோவின் முதுகில் எழுதியிருக்கிறது. மந்திரிசபை கவிழ்ந்தால் பத்திரிகைக்காரன் அதைத்தான் தலைப்பாகப் போடுகிறான்.

அந்தக் கேள்வியை முதன்முதலில் கேட்டவள் லதிகா டீச்சர்.

எண்பத்துமூன்று ஜூலை. அவளுக்கு அப்போது இருபத்தேழு வயது. ஊர் நடுநிலைப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கணவன் பங்கஜாட்சன் தாலுகா ஆபீசில் கிளார்க். மூன்று நாளாகக் காய்ச்சலில் கிடந்த இரண்டரை வயது மகள் மினிக்குக் காலையில் வலிப்பு வந்தது. திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோகச் சொன்னார் டாக்டர். டாக்ஸிக்கார யோகன்னானின் அம்பாசடரில் கிளம்பினார்கள். நல்ல மழை. கரகுளம் தாண்டும்போது பங்கஜாட்சன் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தான். மறுபடி வைத்துப் பார்த்தான். யோகன்னான் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு வண்டியை ஓரம் கட்டினார். வைப்பர் மட்டும் முன்கண்ணாடியில் இப்படியும் அப்படியும் போய்க்கொண்டிருந்தது.

மடியில் குழந்தையை வைத்தபடி லதிகா கேட்டாள்: "அப்போ இப்ப நாம எங்க போறோம்?"



பங்கஜாட்சன் ஹரீந்திரனோடு காலேஜில் படித்தவன். ஆளைப் பார்த்தால் அழுமூஞ்சி. வாயைத் திறந்தால் பக்கத்திலிருப்பவன் டீயைத் துப்பிவிடுவான். மகள் போன பிறகு ஒரு வருஷம் அந்த வாய் மூடியே கிடந்தது. ஹரீந்திரன்தான் வந்து, "எடோ, வந்து சும்மா உட்காரு, போதும்" என்று திருவனந்தபுரம் தம்பானூர் லாட்ஜுக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே அடுத்த படத்துக்குக் கதை பேச உட்கார்ந்தவன் வாய் திரும்பத் திறந்தது. புருஷன் சிரிக்கிறான் என்பதில் லதிகாவுக்கும் கொஞ்சம் உயிர் வந்தது. அவளே லீவ் லெட்டர் எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

எண்பத்தைந்து ஓணத்துக்குப் படம் வந்தது. முதல் நாள் இருவரும் போனார்கள். தியேட்டரில் ஊசி குத்த இடமில்லை. ஜீப் நின்றது. பாவமாயிருந்தவன் அந்த வரியைச் சொன்னான். கொட்டகை இடிந்து விழுந்ததுபோல் ஒரு சிரிப்பு எழுந்தது.

லதிகாவும் சிரித்தாள். சிரித்து, பக்கத்தில் திரும்பி, புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை. திரையையும் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

மீதிப் படம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து புடவைகூட மாற்றாமல் கேட்டாள்.

"அது நீங்க குடுத்ததா?"

"லதிகே..."

"நீங்க குடுத்ததான்னு கேட்டேன்."

"மூணு நாளா அந்த இடத்துல ஒண்ணும் வரல. எல்லாரும் முட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். நான் சொல்லணும்னு சொல்லல. வாயில தானா வந்துருச்சு."

"வந்ததும் சிரிச்சாங்களா?"

"உருண்டு உருண்டு சிரிச்சாங்க."

"நீங்க?"

பங்கஜாட்சன் நாற்காலியில் உட்கார்ந்தான். பிறகு சொன்னான்: "ரெண்டு வருஷமா அது என் காதுலயே கிடந்துச்சு. எங்கயாவது இறக்கி வெச்சாத் தேவலைன்னு இருந்துச்சு. சிரிச்சப்போ கொஞ்சம் லேசா இருந்தது, லதிகே. பொய் சொல்ல மாட்டேன்."

"உங்க காதுல இருந்ததை எடுத்து ஊர்க்காரங்க காதுல எல்லாம் போட்டுட்டீங்க" என்றாள் அவள். "நான் எங்க போய் இருக்கட்டும்?"

அதற்குப் பிறகு அவர்கள் சண்டை போடவில்லை. சோறு போட்டாள், சட்டைக்கு இஸ்திரி போட்டாள், எண்பத்தாறில் சஜீவ் பிறந்தான். ஆனால் தன் புருஷன் எதிரில் லதிகா சிரித்ததில்லை. பிடிவாதம் என்று சொல்ல முடியாது. வராமலே போயிற்று.

படம்தான் தேய்ந்து போகும் என்று நினைத்தாள். எல்லாப் படமும் அப்படித்தானே. இது மட்டும் வருஷத்துக்கு வருஷம் வளர்ந்தது. பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவில் கன்னியாகுமரிக்குப் போகிற வழியில் பஸ் பழுதாகி நின்றபோது, அறுபது பிள்ளைகள் ஒரே குரலில் அதைக் கூவினார்கள். "ஏன் டீச்சர் சிரிக்க மாட்டேங்கறீங்க?" என்று கேட்டார்கள். சஜீவ் பேசப் பழகிய வயதில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அதைச் சொல்லிக் காட்டி, பக்கத்து வீட்டுக்காரர்களிடம் மிட்டாய் வாங்கினான். அவனுக்கு ஒரு அக்கா இருந்து செத்துப்போனாள் என்று தெரியும். மற்றது தெரியாது. யார் சொல்வது?

பங்கஜாட்சனின் பெயர் எந்தப் படத்திலும் வரவில்லை. டீக்கடையில் யாராவது, "அந்த ஜீப் டயலாக் உங்களுதாமே சேட்டா? எப்படித் தோணுச்சு?" என்று கேட்டால், "என்னுது இல்லப்பா" என்று எழுந்து போய்விடுவான். அடக்கம் என்று ஊர் நினைத்தது. இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் நெஞ்சுவலியில் போனான். கடைசி மாதங்களில் ஒரு நாள், "நீ என்னை மன்னிக்கல இல்லையா?" என்று கேட்டான். லதிகா கஞ்சியை ஆற்றிக்கொண்டே, "தெரியல" என்றாள். உண்மையிலேயே அவளுக்குத் தெரியவில்லை.

பிறகு ஏழு வருஷம் கழித்து ஒரு மத்தியானம் வாசலில் கார் வந்து நின்றது. ஹரீந்திரன். தலையெல்லாம் நரைத்து, முழங்கால் வலியோடு படியேறினார். பழைய படங்களைப் பற்றி ஒரு டிவிக்காரன் நிகழ்ச்சி எடுக்கிறானாம், பங்கஜாட்சனைப் பற்றி இப்போதாவது நாலு வார்த்தை சொல்ல வேண்டுமென்று நினைத்தாராம்.

"எல்லாரும் கேக்கறாங்க சேச்சி, ஏன் இப்பல்லாம் அப்படிப் படம் எடுக்கறதில்லன்னு. எனக்கே தெரியல. நாப்பது படம் எடுத்துட்டேன். அந்த ஒரு சிரிப்பு மறுபடி வரவே இல்ல. அந்த வரியை அவன் எங்கேருந்து எடுத்தான்?"

அவர் கேட்டதில் கள்ளமில்லை. அதனால்தான் லதிகாவுக்குச் சொல்லத் தோன்றியிருக்க வேண்டும். முப்பத்தாறு வருஷத்தில் முதல் தடவையாகச் சொன்னாள். மழை, யோகன்னானின் வண்டி, கரகுளம். சொல்லி முடித்துவிட்டு, "இனிமேலாவது அதைக் காட்டாம இருக்க முடியுமா?" என்று கேட்டாள்.

ஹரீந்திரன் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். அழுதார், நிஜமாகவே அழுதார். நிமிர்ந்தபோது அந்தக் கண்களில் அழுகையோடு வேறொன்றும் இருந்தது. தொலைத்த சாவியைக் கண்டெடுத்தவனின் முகம்.

"அதான்," என்றார். "அதான் அது சாகவே இல்ல."

நிகழ்ச்சியில் அவர் அதைச் சொன்னார். கெட்ட எண்ணத்தோடு இல்லை. நண்பனை ஊர் அறிய வேண்டும் என்றுதான். நடுவில் தண்ணீர் வாங்கிக் குடித்துச் சொன்னார். ஒரே வாரத்தில் அது போன் போனாகப் பறந்தது. ஜனங்கள் படத்தை மறுபடி போட்டுப் பார்த்தார்கள். ஜீப் காட்சிக்குக் கீழே, 'சிரித்துக்கொண்டே அழுதேன்' என்று ஆயிரக்கணக்கில் எழுதினார்கள். முன்பு சிரிப்பதற்காகப் பார்த்தவர்கள் இப்போது இரண்டுக்குமாகப் பார்த்தார்கள்.

மஸ்கட்டிலிருந்து சஜீவ் கூப்பிட்டான். "அம்மா, நான் எத்தனை தடவை உன் முன்னாடி..." என்று ஆரம்பித்தான். "உனக்கென்னடா தெரியும், குழந்தை நீ அப்ப" என்றாள் லதிகா. முப்பத்துமூன்று வயசுக்காரன் போனில் தேம்பினான். அவனைத் தேற்றிக்கொண்டிருந்ததில் அவளால் அழ முடியவில்லை.

அடுத்த நிகழ்ச்சிக்கென்று டிவிக்காரப் பெண் ஒருத்தி வந்து மினியின் போட்டோ கேட்டாள்.

"போட்டோ இல்ல மோளே."

"ஒண்ணுகூடவா டீச்சர்? சின்னதா இருந்தாலும் போதும்."

"அந்த ஓணத்துக்கு ஸ்டுடியோவுக்குப் போகலாம்னு இருந்தோம்."

அந்தப் பெண் தலையாட்டிவிட்டுப் போனாள். ஒளிபரப்பானபோது பக்கத்து வீட்டு வத்சலா வந்து டிவியைப் போட்டாள். சோகமான புல்லாங்குழல் இசை ஒலிக்க, மினி என்ற பெயருக்கு மேலே ஒரு குழந்தையின் படம் வந்தது. சுருட்டை முடி, கன்னத்தில் மைப்பொட்டு, இரண்டு பல் தெரியச் சிரிப்பு. எங்கிருந்தோ எடுத்த யாரோ ஒரு குழந்தை.

"அய்யோ, என்ன லட்சணம் டீச்சர்! உங்க ஜாடையேதான்" என்று வத்சலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

லதிகா டிவிக்காரர்களுக்குப் போன் போட்டு அது என் பிள்ளை இல்லை என்று சொல்லலாமென்று நினைத்தாள். நம்பர் தெரியவில்லை. விட்டுவிட்டாள். மினியின் முகம் அவளுக்கு ஏற்கெனவே மங்கிப் போயிருந்தது. முடி நேரா சுருட்டையா என்றுகூட, அடித்துக் கேட்டால் சொல்லத் தடுமாறுவாள். ஆனாலும் கண்ணை மூடினால் மங்கலாக ஏதோ ஒன்று வரும், அது மினிதான்.

இப்போது கண்ணை மூடினால் தெளிவாக வருகிறது. சுருட்டை முடியும் மைப்பொட்டுமாக, அந்த இன்னொரு குழந்தை.