கடல் விழாத கடற்கரைப் படம்

கடற்கரையில் படம் எடுக்கப் போனால் இன்றைக்கும் நான் முதலில் பின்பக்கத்தைத்தான் பார்ப்பேன். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. போன கிழமை, இப்போது கிளிநொச்சியில் இருக்கிற சுதா அக்கா போன் எடுத்து, "தம்பி, கலியாணத்துக்கு நிண்ட அதே இடத்தில இன்னுமொரு படம் எடுக்கோணும். இந்த மாரிக்கே வருவீரோ?" என்று கேட்டார். கேட்டவுடனே எனக்குப் பழைய உசார் வந்துவிட்டது.

அக்காவின் கலியாணம் நடந்தபோது நான் புதுக்குடியிருப்பில் ஒரு ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். தனியாகப் போய் எடுத்த முதல் கலியாணப் படம் அதுதான். கடையில் இருந்ததே ஒரு கமரா. "உப்புத்தண்ணி பட்டுதெண்டால் நீ வீட்டை நிக்கவேண்டியதுதான்" என்று சொல்லித்தான் முதலாளி தந்தார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு, சந்தோசத்தில் இறங்கவேண்டிய தரிப்பையே விட்டுவிட்டேன்.

மாரி மழைக்குள் யாராவது கடற்கரையில் படம் எடுப்பார்களா என்று கேட்பீர்கள். மாப்பிள்ளை நேசன் அண்ணை கடற்றொழிலாளி. கடல் கொந்தளித்து, வள்ளங்களைக் கவிழ்த்து வைக்கிற காலத்தில்தான் ஆளைக் கரையில் பிடிக்கலாம். சுதா அக்காவோ கிளிநொச்சிப் பக்கம், வயலுக்குள் வளர்ந்தவர். அவருக்கு ஒரே ஆசை: "பின்னுக்குக் கடல் நல்லாத் தெரியோணும்."

ஆனால் நேசன் அண்ணை கடலுக்கு முதுகு காட்ட மாட்டார் என்று யார் கண்டது? நான் "ரெடி" என்றதும் அவருடைய தலை திரும்பிவிடும். எடுத்த படமெல்லாம் அவருடைய காதுதான். "மாரிக்கடல் தம்பி, நம்பேலாது" என்றார். "கடலை நாளைக்கும் பாக்கலாம், இண்டைக்கு என்னோட நில்லுங்கோ" என்று அக்கா சினந்தார்.

கடைசியில் இடத்தை மாற்றினேன். அவர்கள் கரைப்பக்கம், நான் கடல்பக்கம். மனிசன் முதல்தடவையாகச் சிரித்தார். அப்படியொரு சிரிப்பு. அவர்களுக்குப் பின்னால் அவர் வலை வைக்கிற ஓலை வாடி, கவிழ்த்த வள்ளம், மூன்று பனை. எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. எடுத்தபடியே பின்னுக்குப் பின்னுக்குப் போனேன்.

"தம்பி, கமராவைத் தூக்கும்!"

தூக்கினேன். இடுப்புக்கு மேல் அலை. கத்திய நேசன் அண்ணை பட்டுவேட்டியோடு பாய்ந்து வந்து என் சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்தார். செருப்பு இரண்டும் கடலோடு போயிற்று. கமராவில் ஒரு துளி படவில்லை.

அல்பத்தைப் பார்த்ததும் சுதா அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "எங்க தம்பி கடல்? ஒரு படத்திலயும் விழேல்லையே!"

நேற்று இடம் பார்க்கப் போனேன். பழைய படத்தைப் போனில் வைத்துக்கொண்டு கரை நீளத்துக்கு நடந்தேன். ஒரு பனையின் அடிக்கட்டை மட்டும் அலைக்குள் தெரிந்தது. அவர்கள் நின்ற இடம் அதற்கும் அப்பால், தண்ணீருக்குள். மனசு கேட்கவில்லை, அங்கிருந்தே அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, இந்தமுறை பின்னுக்குக் கடல் நல்லாத் தெரியும்."

"எங்கட வாடியும் படத்தில விழுமோ தம்பி?"

கடல் மட்டும்தான் விழும் என்றேன்.