ஆரோக்கியமேரி டீச்சர் காட்டிய படங்கள்

"டீச்சர் போயிட்டாக சார்" என்று முத்தம்மாள்தான் போனில் சொன்னார். பள்ளத்தூரில் எங்கள் பள்ளியைக் கூட்டிப் பெருக்கும் முத்தம்மாள். அந்தச் செய்தி அவர் வாயிலிருந்து வந்ததுதான் சரி என்று இப்போது தோன்றுகிறது.

ஆரோக்கியமேரி டீச்சர் வரலாறு, நான் கணக்கு. அவரிடம் படித்தவர்களுக்கு அந்த வெள்ளிக்கிழமைகள் மறந்திருக்காது. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் பட்ட பாட்டையும் போராடிப் பெற்றதையும் சொல்லும் ஆவணப்படங்களைக் கடைசி இரண்டு பீரியடில் போட்டுக் காட்டுவார். புரொஜெக்டர் என் பொறுப்பு. படத்தின் ஆங்கிலம் பிள்ளைகளுக்கு எட்டாது என்று சத்தத்தை அணைத்துவிட்டு, திரைக்குப் பக்கத்தில் நின்று டீச்சரே தமிழில் பேசுவார். ஒருமுறை கரண்ட் போய்விட்டது. அவர் நிறுத்தவே இல்லை. கரண்ட் வந்தபோது படத்தைவிட வெகுதூரம் முன்னால் போயிருந்தார். "படம் மெதுவா வரட்டும் சார், நான் நிக்கிறேன்" என்றார். வகுப்பே சிரித்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, கறுப்பின மாணவர்கள் தங்களுக்குச் சாப்பாடு தராத ஓட்டலில் போய் உட்கார்ந்து, எழுந்திருக்க மறுத்த படம். டீச்சர் உருக்கமாகப் பேசி முடித்தார். அறையைப் பூட்டுவதற்காக வாசலில் நின்றிருந்த முத்தம்மாள், பிள்ளைகள் போனபின் கேட்டார்: "நல்லாத்தான் சொன்னீக டீச்சர். ஆண்டு விழாவுல நான் எங்குட்டு உக்காந்து சாப்பிடுறேன்னு பாத்திருக்கீகளா?"

ஆசிரியர்களுக்குக் கூடத்தில் முதல் பந்தி. முத்தம்மாளுக்கு எல்லாரும் எழுந்த பிறகு, பாத்திரம் கழுவும் இடத்தில். வருடக்கணக்காக அப்படித்தான். டீச்சர் முகம் வாடிவிட்டது. எனக்கோ முத்தம்மாள் மேல் கோபம். இவ்வளவு நல்ல மனுஷியை இப்படியா கேட்பது!

அந்த வருட விழாவில் டீச்சர் முத்தம்மாளை முதல் பந்திக்குக் கூப்பிட்டார். "வேணாம் டீச்சர், எல்லாரும் மொறைப்பாக" என்றார் முத்தம்மாள். "அப்ப நானும் இங்குட்டே இருக்கேன். நீங்க எப்பச் சாப்பிடுறீகளோ அப்பச் சாப்பிடுவோம்" என்று டீச்சர் கழுவுமிடத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். தலைமையாசிரியர் வந்து கூப்பிட்டும் அசையவில்லை. கடைசியில் தலைமையாசிரியரே கூடத்தில் இரண்டு இலை சேர்த்துப் போடச் சொன்னார். நான் வாயில் அப்பளத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வெட்கத்தைச் சாயங்காலம் டீச்சரிடம் சொன்னேன். "படம் காட்டுறவளுக்கே இத்தனை வருசம் ஆச்சே சார்" என்று சிரித்தார்.

டீச்சர் இறந்த முப்பதாம் நாள், சர்ச்சில் பூசை முடிந்து அவர் வீட்டில் சாப்பாடு. தாமதமாகப் போனேன். பந்தி நிறைந்திருந்தது, ஓரமாக ஒதுங்கி நின்றேன். முன்வரிசையிலிருந்து முத்தம்மாள் கையசைத்தார்.

"இங்குட்டு வாங்க சார். உங்களுக்கு இலை போட்டு வச்சிருக்கேன்."

டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த இடம்தான். உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டேன்.