தார்ப் பீப்பாவில் சுடுதண்ணீர்

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சுடுதண்ணீருக்கு ஒரு வழி செய்வதென்றால் வேலை தெரிந்தவரைக் கூப்பிட்டுச் செய்யுங்கள் என்றேன். அதற்கு நான் பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அறுபதுகளின் நடுப்பகுதி. மட்டக்களப்பு வாவிக்கரையோரம் எங்கள் வீடு. நாலாவது பிள்ளை வயிற்றில். மாரியில் பிறக்கும் என்று சொல்லியிருந்தார்கள். மூன்றாவதும் மாரிப் பிள்ளைதான். அப்போது விறகெல்லாம் நனைந்து, புகை வந்ததே தவிர அடுப்பு எரியவில்லை. பெற்ற உடம்புக்கு அரைச்சூட்டுத் தண்ணீரை வார்த்தார்கள். சன்னி கண்டுவிட்டது. தேவாலயத்துச் சுவாமி வந்து, சாகக் கிடக்கிறவர்களுக்குப் பூசுகிற அவஸ்தையை எனக்குப் பூசிவிட்டுப் போனார். எப்படியோ பிழைத்தேன். இன்னொரு முறை அப்படி வந்தால் நாலு பிள்ளைகள் தாயில்லாமல் நிற்கும். அந்தப் பயம்தான் எனக்கு.

காத்தான்குடியில், காக்கா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் அண்ணன் ஒருத்தர் செம்புத் தகட்டில் பொயிலர் செய்வார். கீழே நெருப்பு, மேலே தண்ணீர், பக்கத்தில் குழாய். நனைந்த விறகென்றாலும் நாலு கட்டை போதும் என்று பேர். அவரைக் கூப்பிடச் சொன்னேன். என் கணவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர் அவர். தண்ணீர் சுடவைக்க வெளியாள் எதற்கு என்று கேட்டார்.

ரோட்டு வேலையில் மிஞ்சிய தார்ப் பீப்பா ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். மணலும் மண்ணெண்ணெயும் போட்டு இரண்டு கிழமை தேய்த்தார். தெருவிலிருந்த ஆண்களெல்லாம் சுற்றி நின்று யோசனை சொன்னார்கள். அவர்களில் ஒருத்தராவது வாழ்நாளில் அடுப்பு ஊதியிருப்பாரா? நிறைமாத வயிற்றோடு நான் அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். அடியில் நெருப்பு வைக்கக் கல்லடுக்கிப் பீப்பாவை மேலே ஏற்றி, குழாயைத் தன் நெஞ்சு உயரத்துக்குப் பூட்டினார். கிணற்றுத் தண்ணீரை நிரப்பித் திறந்தார். பளிங்கு மாதிரி வந்தது. அவ்வளவுதான், ஆளைப் பிடிக்க முடியவில்லை.

ஒருதரம் நெருப்பு மூட்டிப் பாருங்கள் என்றேன். மாட்டேன் என்றுவிட்டார். எங்கள் வீட்டில் புதிதாக வந்த எதையும் சுவாமி மந்திரிக்காமல் தொடுவதில்லை. சைக்கிள் வந்தபோதும் இரண்டு கிழமை சுவரில் சாய்ந்துதான் கிடந்தது. சுவாமியோ கல்குடாப் பக்கம் போயிருந்தார். அவர் வருவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது.

ஐந்தாம் நாள் தலைக்குத் தண்ணீர் வார்க்க வேண்டும். அன்று காலையில்தான் சுவாமி வந்தார். எனக்கு அவஸ்தை பூசிய அதே சுவாமி பீப்பாவுக்கு மந்திரித்த தண்ணீர் தெளித்துச் செபம் சொன்னார். நெருப்பு மூட்டினார்கள். வெளியே சோனாவாரியாய் மழை கொட்டியது. தண்ணீர் வார்க்க வந்திருந்த என் அக்கா என்னைப் பின் தாழ்வாரத்தில் கட்டியிருந்த மறைப்புக்குள் பலகையில் இருத்தினார். குழாய் எட்டாத உயரத்தில் இருந்ததால் வாளியில் பிடித்துப் பிடித்துத் தலையில் ஊற்றினார். நல்ல சூடு. கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். மூன்றாவது வாளியோடு அவர் கை நின்றது.

"என்ன புள்ள இது, தண்ணி கறுத்து வருகுது."

பீப்பாவின் தகட்டு மூட்டுக்குள் எஞ்சியிருந்த தார் சூட்டில் உருகிவிட்டது. தலை முழுக்கத் தார். மண்ணெண்ணெய் நாற்றம் வேறு. அக்கா தேங்காயெண்ணெய் போட்டு உருவ உருவ மயிர் கயிறாய்த் திரண்டது. எனக்கு நடுக்கம் பிடித்துவிட்டது, பல் கிடுகிடுத்தது. போனமுறையும் இப்படித்தான் தொடங்கியது. இடுப்புக்குக் கீழே தொங்கிய தலைமயிர் அது. கத்தரிக்கோலை எடுத்து வெட்டச் சொன்னேன். அக்கா அழுதுகொண்டே வெட்டினார். நான் அழவில்லை. ஈரத்தலையோடு இருந்து சாக எனக்கு விருப்பமில்லை. பிறகு அதே பழைய பானை, அதே புகை, அதே ஈர விறகு.

மறைப்புக்கு வெளியே இவர் நெருப்பைக் கூடுதலாக எரித்துவிட்டதாக அக்காவைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார். "பச்சைத் தண்ணியில வடிவாத்தானே வந்தது?"

"பச்சைத் தண்ணியில குளிக்க எனக்குக் கிணறு இருக்கு" என்றேன்.

அடுத்த நாளே அக்காவிடம் சொல்லிக் காத்தான்குடிக் காக்காவைக் கூப்பிட்டேன். இவரிடம் ஒரு சொல் கேட்கவில்லை. காக்கா வந்தார். பீப்பாவைப் பார்த்தார். வாசலுக்கு அப்பால் நின்று என்னைத்தான் கேட்டார்.

"தங்கச்சி, குழாய் எந்த உயரத்துல வேணும்?"

அத்தனை ஆண்களும் அத்தனை நாள் பேசினார்கள். இந்தக் கேள்வியை ஒருத்தர் கேட்கவில்லை. குளிக்கப்போகிறவள் நான். இவர் பதில் சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன்.

"பலகையில இருந்துகொண்டு கை நீட்டினா எட்டுற உயரத்தில."

செம்புப் பொயிலரைச் செய்து கொண்டுவந்து அப்படியே பூட்டித் தந்தார். அன்றைக்கே நெருப்பு மூட்டிக் காட்டிவிட்டுத்தான் போனார், சுவாமிக்குக் காத்திருக்கவில்லை. பிள்ளைக்கும் எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. தலைமயிர் முன்போல ஒருநாளும் வளரவில்லை. அந்த வீட்டில் நாங்கள் இருந்த காலம் முழுக்க, சுடுதண்ணீர் பிடிக்க வேண்டுமென்றால் இவர் முதுகை வளைத்துக் குந்தித்தான் பிடித்தார். இடுப்புப் பிடிக்கிறது என்று சொல்லியும் பார்த்தார். குழாயை உயர்த்த நான் விடவில்லை.