நாறாத எண்ணெய்

ராஜபாளையத்தில் ஒரு மெக்கானிக்கின் நல்ல பெயரை நான் கெடுத்தேன். அதற்கு ஒரு டின் எண்ணெயும் இரண்டு வாக்கியங்களும் போதுமானதாக இருந்தன.

எண்பதுகளின் நடுவில் நானும் என் மனைவியின் அண்ணனும் சேர்ந்து ஒரு பழைய ஜீப் வாங்கினோம். நான்கு சக்கரத்துக்கும் விசை போகிற வண்டி. மச்சானுக்குத் தேவதானம் கிராமத்துக்கு மேற்கே மலையடியில் மாந்தோப்பு; ஓடையில் இறங்கி ஏறாமல் அங்கே போக முடியாது. எனக்குத் தோப்பு கிடையாது. கல்லூரியில் இயற்பியல் நடத்தினேன். ஆகவே வண்டியின் ஆரோக்கியம் என் பொறுப்பு என்று நானே முடிவுசெய்துகொண்டேன்.

மெக்கானிக் என்னைவிடப் பத்து வயது இளையவர். வீட்டில் தெலுங்கு, பட்டறையில் தமிழ், போல்ட் இறுகிக்கொண்டால் இரண்டும். அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் குந்தியிருந்து பார்ப்பேன். பின் அச்சின் நடுவில் பூசணிக்காய் மாதிரிப் புடைத்திருப்பதுதான் டிஃபரன்ஷியல்; விசையைச் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பல்சக்கரங்கள் அதற்குள்தான். எண்ணெய் ஊற்றுகிற மேல் பிளக் திறக்கிறதா என்று பார்த்த பிறகே கீழ் பிளக்கைத் தொடுவார். வடித்துவிட்டு மேலே திறக்க முடியாமல் போனால் கதை முடிந்தது. புது எண்ணெயை மேல் துளையில் வழிகிறவரை ஊற்றுவார். ஊற்றுமுன் டின்னை மோந்து பார்ப்பார்.

“கியர்பாக்ஸுக்கும் தொண்ணூறாம் நம்பர் எண்ண, இதுக்கும் தொண்ணூறுதான் சார். ஆனா இதுக்கு டின்னுல இ.பி.ன்னு போட்டிருக்கணும். அழுகுன முட்டை கணக்கா நாறணும். நாறலேன்னா ஊத்தாதிய.”

“தொண்ணூறுங்கிறது எண்ணெயோட கெட்டித்தன்மை. நாத்தத்துக்கும் அதுக்கும் என்னப்பா சம்பந்தம்?”

“அத படிச்சவிய நீங்கதான் சொல்லணும். எனக்கு நாறுனாப் போதும்.”

என் மனைவி வீட்டார் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள், ஆண்டாள் கோயிலோடு தலைமுறையாக ஒட்டியவர்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் குடும்பத்தோடு ஜீப்பில் ஏறி, ஊருக்கு வெளியே, இங்கேயும் திருவண்ணாமலை என்றே பெயர்கொண்ட ஒரு குன்றில் இருக்கும் பெருமாளைப் பார்க்கப் போவோம். சர்வீஸ் முடிந்த கையோடு வந்த ஒரு சனிக்கிழமை, பின்னால் துளசி மாலையும் பொங்கல் தூக்கும் இருக்க, அடியிலிருந்து அந்த வாடை கிளம்பியது. மேலே வழிந்ததைச் சரியாகத் துடைக்கவில்லை போலிருக்கிறது. மாமியார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“மாப்பிள்ள, வண்டிக்குள்ள எலி செத்துக் கெடக்கா? பெருமாளு வாசல்ல கொண்டு நிறுத்தப் போறியளே!”

“எலி இல்லம்மா, எண்ண. அவுகளுக்கு அதுதான் அத்தர்” என்றாள் மனைவி.

வண்டியே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. அடுத்த சனிக்கிழமைக்குள் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடையொன்றில் வேறொரு தொண்ணூறு வாங்கினேன். டின்னில் இ.பி. இல்லை, வாடையும் இல்லை. வீட்டுக் கொல்லையில் நானே மேல் பிளக், கீழ் பிளக் வரிசை தவறாமல் எண்ணெயை மாற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை. மிச்சச் சனிக்கிழமைகள் துளசி மணத்தோடு கழிந்தன.

மாங்காய்ப் பருவத்தில் கூடைகளோடு ஓடையிலிருந்து ஏறும்போது பின் அச்சு முனகியது, ஊளையிட்டது, கடக்கென்று நின்றது. ஆள் அனுப்பி மெக்கானிக்கை வரவழைத்தோம். பின் அச்சுக்குப் போகும் தண்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, முன் சக்கரங்களின் இழுப்பிலேயே வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். கீழ் பிளக்கைத் திறந்தார். கறுத்த எண்ணெயோடு பல்சக்கரத்தின் பல்துண்டுகள் விழுந்தன. விரலால் தொட்டு மோந்தார்.

“சார், இது நாறலையே!”

மச்சான் வெடித்தார். “ஏலே, பல்லு பேந்து கெடக்கு, நாறலேன்னு பிராது சொல்லுதியே! எண்ண ஊத்துனது நீதான?”

“நான் ஊத்துனா நாறும் மொதலாளி.”

எதிர்த்த டீக்கடையில் பெஞ்சு பெஞ்சாகச் சிரித்தார்கள். மச்சான் என் பக்கம் திரும்பினார். “மாப்ளே, நீங்க படிச்சவிய. நாத்தத்துக்கும் பல்லுக்கும் சம்பந்தம் உண்டுமா?”

“சயின்ஸ்படி அப்படி ஒண்ணும் கிடையாது. கடைசியா எண்ணெய் மாத்தினது இவர்தான்” என்றேன்.

முதல் வாக்கியம் அறியாமை. இரண்டாவது பொய். அறியாமை ஒரு வாரத்தில் கல்லூரி நூலகத்தில் தீர்ந்தது. இ.பி. என்றால் மிகை அழுத்தம்; நாறுவது கந்தகம், அந்த அழுத்தத்தில் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும்போது அதுதான் தோல்போலப் படிந்து இரும்பைக் காக்கிறது. பொய் அப்படியே இருந்தது.

மச்சான் ஜீப்பை வேறு பட்டறைக்கு மாற்றினார். அவரைப் பார்த்து மற்றத் தோப்புக்காரர்களும் மாற்றினார்கள். டீக்கடைக்கு வந்தவர்கள், “அண்ணே, இன்னைக்கு மோந்தாச்சா?” என்று மெக்கானிக்கைச் சீண்டினார்கள். ஜீப்புக்குப் பேர்போன பட்டறையில் பம்புசெட்டுகள் வந்து உட்கார்ந்தன.

ஒவ்வோர் ஆண்டும் உராய்வுப் பாடம் வரும்போது எனக்கு வாய் குழறும். ஏழாவது ஆண்டு மெக்கானிக்கிடம் போய் உண்மையைச் சொன்னேன்.

“அன்னைக்கே தெரியும் சார்” என்றார். “எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? சிரிச்சது அங்க.” ஸ்பேனரால் டீக்கடையைக் காட்டினார். “அங்க போயிச் சொல்லுங்க.”

மச்சானையும் வரவழைத்து, கூட்டம் நிறைந்த காலை நேரத்தில், டீக்கடையில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

“எங்கம்மா மூக்குக்குப் பயந்தா வண்டிப் பல்ல ஒடைச்சிய?” என்று மச்சான் கேட்டார். சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆயிற்று. பிறகு மச்சான் மட்டும் எழுந்து, சாலையைக் கடந்து, மெக்கானிக்கின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ பேசினார்.

எங்கள் ஜீப் அந்த வாரமே பட்டறைக்குத் திரும்பியது. மற்றவர்கள் நான் சொன்னதை நம்பினார்கள், ரசித்தார்கள், ஊரெல்லாம் பரப்பினார்கள். ஆனால் ஏழு வருடத்தில் அவர்களுக்கு வேறு பட்டறை பழகிவிட்டது. ஒரு வண்டியும் வரவில்லை.

“சார், அந்தப் பதினேழாம் நம்பர் ஸ்பேனர எடுங்க” என்று எங்கள் ஜீப்புக்கு அடியிலிருந்து மெக்கானிக்கின் குரல் வந்தது. பழையபடி பக்கத்தில் குந்தியிருந்த நான் தேடி எடுத்துக் கொடுத்தேன்.