செட் என்ற சொல்லும் ரூபாவின் கல்யாணமும்

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஒரே ஒரு சொல்தான். அதை வைத்தே ஓசூரில் மாடி வீடு கட்டியவன் இந்த வெங்கடப்பன். சந்தேகம் இருந்தால் வந்து பாருங்கள்.

மூன்றாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, ஜவளகிரியில் ஒருவர் தோட்டத்துப் பம்பு செட்டுக்குக் காவல் கிடந்தேன். அப்புறம் ஓசூருக்கு வந்து மைக் செட் தூக்கினேன். இன்றைக்கு அந்தத் தொழிலில் நான்தான் முதலாளி. கன்னடக்காரர், தெலுங்குக்காரர் யார் வந்தாலும் 'செட்' என்றால் போதும், பேரம் முடிந்துவிடும். கூடச் சுற்றுகிறவன் நம்ம செட்டு. பல் போனால் பல் செட். சுடச்சுட மெத்தென்று தட்டில் மூன்றாக வைப்பது செட் தோசை. மூன்றையும் முடிக்காமல் இங்கே யாரும் கை கழுவ மாட்டார்கள்.

அப்பேர்ப்பட்ட எனக்கு, என் மகள் ரூபாவின் கல்யாணம் செட் ஆகுமா என்பதுதான் போன மாசியில் தெரியவில்லை. கூட வேலை பார்க்கும் மாதவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்றாள். அவன் அப்பா மாடசாமி, திருநெல்வேலிப் பக்கத்து ஆள். சிப்காட் கம்பெனி ஒன்றில் மெஷின் செட்டர், மெஷினைச் சரிபண்ணி ஓட விடுகிறவர். அவர் சரி என்றால்தான் உண்டு.

ஞாயிறு காலை தனியாக வந்தார். என் மனைவி சென்னம்மா செட் தோசை வைத்தாள். நான் என் கதையை ஆரம்பித்தேன். அவர் ஒரு தோசையை மட்டும் தின்றார், கை கழுவினார்.

"இந்தா வாரேன் அண்ணாச்சி" என்று வெளியே போய்விட்டார்.

ரூபா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"மனுசன சாப்ட வுட்டியா? மைக்க முழுங்குனவன் மாதிரி பேசிக்கினே இருந்த" என்றாள் சென்னம்மா.

"போனா போறான். என் தோசைய வேணாம்னவன் ஊட்டுல எனக்கின்னா சம்பந்தம்?" என்று, அவர் விட்டுப்போன இரண்டையும் எடுத்து நானே தின்றேன். வீம்புக்குத்தான்.

கடைசி விள்ளலை மென்றுகொண்டிருந்தபோது வாசலில் கார் நின்றது. மாடசாமியும் மாதவனும் இறங்கினார்கள். கூடவே மாடசாமியின் மனைவி ராசாத்தி, கை நிறையப் பூவோடு.

"தெரு முக்குலயே எங்கள ஒக்கார வச்சிட்டு வந்துட்டாக" என்றார் ராசாத்தி. "மொதப் பீஸப் பாத்து சரின்னாத்தான் மெஷின ஓட விடுவாகளாம். எங்க கல்யாணத்துக்கும் இப்பிடித்தான், தனியா வந்து எங்கம்மா வச்ச கொழம்ப ருசி பாத்துட்டுப் போனாக."

"மெஷின் ஓடட்டும் அண்ணாச்சி" என்று மாடசாமி உட்கார்ந்து தட்டைத் தேடினார். "என் தோசை எங்க?"

நான் வாயைத் துடைத்தேன்.

"சம்பந்தி வயித்துல கீது" என்றாள் சென்னம்மா. "ரூபா, வெளிய வாடி. அடுப்பப் பத்த வெச்சிட்டு உங்க மாமனாருக்கு மாவ ஊத்து."

கதவு திறந்தது.