பிள்ளைக் காம்பராவில் திருஷ்டி மை

யார் கண்ணிலும் படாத இடத்தில் வைத்த மை திருஷ்டியைத் தடுக்குமா? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

இலங்கை மலையகத்தில், கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். தாய்மார் கொழுந்தெடுக்கப் போயிருக்கும்போது அவர்களுடைய குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் எனக்கு வேலை கிடைத்தது. எழுதப் படிக்கத் தெரிந்ததால் கிடைத்த வேலை. என் கைக்குழந்தையும் அங்கேயே என் கண்முன் தூங்கலாம். ஆனால் ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்களாம்.

முதல் நாளே தோட்டத்துத் துரையின் மனைவி, துரைசாணி, வந்தார். தொட்டில்களை எட்டிப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ சொன்னார். கூட வந்த, தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரி ஐயா அதைத் தமிழில் சொன்னார்.

"புள்ளைங்க கன்னத்துல என்னா அழுக்குன்னு கேக்குறாங்க. நாளைல இருந்து ஒரு மொகத்துலயும் கறுப்பு இருக்கப்படாதாம்."

அது அழுக்கல்ல, திருஷ்டிக்கு வைத்த மை; ஆனாலும் சரியென்று தலையாட்டினேன். மறுநாள் எல்லா முகங்களையும் துடைத்தேன், என் மகள் முகத்தையும்தான். பால் கொடுக்க வந்த தாய்மார் பிடித்துக்கொண்டார்கள்.

"என்னாங்க டீச்சரம்மா, புள்ள மொகத்த இப்புடி மொழுக்குன்னு தொடச்சு வச்சிருக்கீங்க? போறவ வர்றவ கண்ணெல்லாம் இதுமேலதானே விழும்!"

"படிச்சவங்கல்ல, அவங்களுக்கு இதுலல்லாம் நம்பிக்கை இருக்காது."

நம்பிக்கை இல்லாமல் என்ன! அன்று முழுக்க யோசித்து, எல்லாக் குழந்தைகளின் உள்ளங்காலிலும் மை வைத்தேன். தாய்மாருக்குத் திருப்தி. துரைசாணியும் முகங்களைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

நிறை பார்க்கும் நாள் வரைதான் அது. தராசில் கிடத்திய குழந்தை காலைத் தூக்கித் துரைசாணியின் மூக்குக்கு நேராக ஆட்டியது. அவர் பாதத்தைப் பிடித்துப் பார்த்தார். அடுத்த குழந்தையின் பாதத்தையும் பார்த்தார். பிறகு என் மகளுடையதை. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். இனி நானும் கூடையைத் தூக்க வேண்டும், இவளை வேறொருத்தி பார்த்துக்கொள்வாள்.

டிஸ்பென்சரி ஐயா மீசைக்குள் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மொகமெல்லாம் ரொம்ப சுத்தமாம். வேலைய நீங்களே பாக்கலாமாம். ஆனா இனிமே காலையும் கழுவணுமாம்."

நிறை பார்க்க வந்திருந்த தாய்மார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இனி எங்கங்க வைப்பீங்க, நாக்குலயா?"

இப்போது காதுக்குப் பின்னால் வைக்கிறேன். ஆனால் சென்ற வாரம் துரைசாணி ஒரு குழந்தையின் காதை மடக்கிப் பார்க்கக் கையை நீட்டினார். நல்லவேளை, அது தும்மியது. தொப்புளையும் அவர் விடுவதில்லை. பிள்ளை வளர்த்த அனுபவமுள்ளவர்களே, வேலையும் போகாமல் தாய்மாருக்கும் மனக்குறை வராமல் மை வைக்க வேறு இடம் தெரிந்தால், தயவுசெய்து எழுதுங்கள்.