மாடியறை ஜார்ஜியாக்காரர்

ஜார்ஜியாவில் மருத்துவம் படிக்கும் அக்கா மகள் கவிதா நேற்று வீடியோவில் "மாமா!" என்று கூப்பிட்டதும், அவள் குடியிருக்கும் வீட்டு அம்மாள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து எனக்குப் பெரிய கும்பிடாகப் போட்டார்.

"உங்கள என் அப்பான்னு நெனச்சிட்டாங்க மாமா. இங்க அப்பாவ மாமான்னுதான் கூப்பிடுவாங்க" என்று சிரித்தாள் கவிதா. கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்த அக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது.

கொத்தமல்லி என்றாலே எனக்கு ஜார்ஜியாக்காரர் லெவான் ஞாபகம்தான். செங்கம் ரோட்டில், அக்கா வீட்டு மாடியறையில் குடியிருந்தார். பூண்டும் கொத்தமல்லியும் அரைக்கிற வாசனை கீழே வரைக்கும் வரும். "வெள்ளைக்காரன் எதுக்குடா கட்டுக்கட்டா வாங்கறான்? ஏதோ மருந்து காய்ச்சறான்" என்பாள் அக்கா. அந்தப் பக்கம் வெள்ளைக்காரர்களுக்கா பஞ்சம்! ஆனால் இவர் ஆசிரமத்துக்கும் போகமாட்டார், மலையும் சுற்றமாட்டார். அவர் நாட்டில் சோசலிஸ்ட் கட்சி எம்.பி.யாக இருந்தாராம். ஆட்சி மாறிவிட்டதாம், திரும்பிப் போனால் ஜெயிலாம்.

நான் அப்போது காபிக் கடைக் கல்லாவில் புதிதாக உட்கார்ந்தவன், உலகமே தெரிந்த நினைப்பு. ஜார்ஜியா அமெரிக்காவில் இருக்கிறது என்று அடித்துச் சொல்லியிருந்தேன். அது தனி நாடென்று யாருக்குத் தெரியும்!

"அமெரிக்காக்காரன எதுக்குடா ஜெயில்ல போடறாங்க? எம்.பி.ன்னா கார் எங்க? தன் சட்டைய தானே தொவச்சிக்கிறான். எங்கியோ இடிக்குது" என்றாள் அக்கா.

சாயங்காலமானால் அவருடைய ஃபோனில் ஒரு சின்னப் பெண் வருவாள். கவிதாவுக்கும் அப்போது அதே வயசு. "மை டாட்டர்" என்பார், முகமெல்லாம் பல்லாக. அவளோ "மாமா, மாமா" என்று கொஞ்சுவாள். கெட்டது குடி!

"இவன் பொண்ணுங்கறான், அது மாமாங்குது. யார் வீட்டுக் கொழந்தைய ஏமாத்தறானோ! நம்ம வீட்லயும் பொட்டப்புள்ள இருக்குதுடா."

மறுவாரமே காலி செய்யச் சொல்லிவிட்டாள். எதற்கென்று அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. "எங்கே போவேன்?" என்று மட்டும் ஆங்கிலத்தில் கேட்டார். வாசல் கேட் அருகே பையோடு நின்றபோது மகள் கூப்பிட்டாள். ஃபோனை எங்கள் பக்கம் திருப்பினார். அந்தக் குழந்தை கவிதாவுக்குக் கையாட்டியது. அக்கா கவிதாவை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அந்த மாடி இன்று இல்லை, இடித்து லாட்ஜ் கட்டியாயிற்று. லெவான் எங்கே போனார், ஜெயிலுக்கேதான் போனாரா, யாருக்கும் தெரியாது.

நேற்று கவிதா ஃபோனை வைத்ததும் அக்கா மறுபடி கொத்தமல்லியைக் கையில் எடுத்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"அந்த வீட்டுக்காரம்மா நம்ம கவிதாவ ஒண்ணும் சந்தேகப்படல இல்லடா?"

"இல்லக்கா. கும்புடுதான் போட்டாங்க."